கிராபிக்ஸ் டிரைவர் தகராறு: பழையதுக்குத் திரும்புவதா, துடைத்துப் போடுவதா, விண்டோஸை மாற்றுவதா, கடைக்குக் கொண்டுபோவதா?

விளையாட்டின் நடுவில் திரை இரண்டு வினாடி கறுத்துத் திரும்ப வரும். சில நாள் திரும்ப வராது. ஸ்பீக்கரில் சத்தம் மட்டும் ஓடும். கலியாண வீடியோ எடிட் செய்பவருக்கு எக்ஸ்போர்ட் 80 வீதத்தில் நின்றுவிடும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கிராபிக்ஸ் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கும். இந்த இடத்தில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். டிரைவர் என்பது விண்டோஸ் கார்டை இயக்க உதவும் மென்பொருள்; அதன் பழைய பதிப்புக்குத் திரும்பு என்பார் ஒருவர். டிரைவரை அடியோடு அகற்றும் டிடியு கருவியைப் போட்டுத் துடை என்பார் இன்னொருவர். "எதுக்கும் ஒருக்கா ஃபோர்மட் அடிச்சுப் பாப்பம்" என்பார் மூன்றாமவர். கார்டையே மாற்று என்பார் கடைக்காரர்.

நாலும் சில வேளை சரி. ஆனால் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டிய கணினியில் தவறானதைத் தெரிவுசெய்தால் செலவு கூடும். கார்ட் கொழும்பில் வாங்கியது, பவர் சப்ளை கல்முனையில் வாங்கியது, ரேம் தெரிந்தவரிடம் எடுத்தது என்றிருக்கும்போது முழுப் பெட்டிக்கும் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. பழுது எங்கே என்று முதலில் பிரித்தறிய வேண்டியவர் உரிமையாளர்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: பழுது தொடங்குவதற்கு முன் என்ன மாறியது? டிரைவர் புதிதாக ஏறியதா, விண்டோஸ் அப்டேட் ஓடியதா, ரேம் கூட்டினீர்களா, மேசையை வேறு அறைக்கு மாற்றி வேறு பிளக்கில் செருகினீர்களா? மென்பொருள் மாறியபின் வந்த பழுதுக்கு மென்பொருள் வழி. ஆறு மாதம் ஒரே டிரைவரில் ஒழுங்காக ஓடிய கணினி, ஒன்றும் மாறாமல் திடீரென்று கறுக்கத் தொடங்கினால் டிரைவரைச் சந்தேகிக்க அதிக நியாயம் இல்லை. கோப்பு தானாகத் தேய்வதில்லை. தேய்வது ஃபேன், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட், மின்தேக்கி, தொடுமுனை.

"டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்றது" என்ற செய்திதான் இங்கே பலரை ஏமாற்றுகிறது. விண்டோஸ் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, வழமையாக 2 வினாடி பார்த்திருக்கும். பதில் வராவிட்டால் டிரைவரை நிறுத்தித் திரும்ப இயக்கும். திரை கறுத்து மீள்வது அந்த வேளையில்தான். கார்ட் ஏன் பதில் சொல்லவில்லை என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. மின்சாரம் ஒரு கணம் குறைந்திருக்கலாம், மெமரி சூடேறியிருக்கலாம், ரேம் வேகம் தாங்காமல் தடுமாறியிருக்கலாம், டிரைவரிலேயே பிழை இருக்கலாம். எல்லாவற்றுக்கும் வருவது ஒரே செய்தி.

ஆகவே எதையும் தொடமுன், விண்டோஸ் தன் பழுதுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ், பிறகு சிஸ்டம் என்று போய், பழுது நடந்த நிமிடத்தைப் பாருங்கள்.

- 4101 என்ற எண், அல்லது என்விடியா கார்டில் 14, 153 போன்ற எண்கள்: கார்ட் பதில் தராமல் நின்றிருக்கிறது. காரணம் இன்னும் திறந்த கேள்வி.
- கேர்னல்-பவர் 41 மட்டும், அதற்கு முன் வேறொன்றும் இல்லை: கணினி முழுதாக அணைந்து எழும்பியிருக்கிறது. பவர் சப்ளை, யூபிஎஸ், பிளக் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.
- வியா-லொகர் என்ற பெயரில் வரிசையாகப் பிழைகள்: வன்பொருள் தானே முறையிடுகிறது. ஸ்லொட், ரைசர் கேபிள், ரேம், புரொசெசர் பக்கம் போகவேண்டும்.
- டிவைஸ் மேனேஜரில் கோட் 43: கார்ட் தன்னிடம் பழுதென்று சொல்ல, விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. டிரைவராலும் வரும், கார்டாலும் வரும். பழைய கார்ட் வாங்கியோர் இதைக் கூடுதலாகக் காண்பார்கள்.
- கோட் 28: டிரைவரே இல்லை. இதற்கு யோசிக்க ஒன்றுமில்லை, போட்டால் சரி.

மற்ற அளவுகோல்கள் எளியவை. செய்ததைத் திரும்ப மாற்ற முடியுமா? எவ்வளவு டேட்டாவும் நேரமும் போகும்? என்னென்ன அழியும்? வொறண்டி கெடுமா? ரவுட்டரில் மாத டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கும் வீட்டுக்கு டேட்டாவும் ஒரு செலவுதான்.

| வழி | நேரம் | டேட்டா | இழப்பு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| ரோல் பேக் | 10 நிமிடம் | இல்லை | கிட்டத்தட்ட இல்லை | டிரைவர் ஏறிய அன்றே பழுது தொடங்கினால் |
| க்ளீன் இன்ஸ்டால் | 20–30 நிமிடம் | 1 ஜிபி வரை | டிரைவர் அமைப்புகள் | செயலி திறக்காமல், அமைப்பு குழம்பியிருந்தால் |
| டிடியு | ஒரு மணித்தியாலம் | 1 ஜிபி வரை | டிரைவர் தொடர்பான எல்லாம் | கார்டின் கம்பனி மாறினால், இன்ஸ்டால் பாதியில் நின்றால் |
| விண்டோஸ் புதிதாக | அரை நாள் முதல் இரண்டு நாள் | 6 ஜிபிக்கு மேல் | செயலிகள், எழுத்துருக்கள், பிளகின்கள் | விண்டோஸே பழுது என்று உறுதியானால் |
| மின்சாரம், சூடு, தொடுமுனை | ஒரு பின்னேரம் | இல்லை | இல்லை | ஒன்றும் மாறாமல் பழுது வந்தால் |
| கடை, வொறண்டி | நாட்கள், வாரங்கள் | இல்லை | கணினி இல்லாத காலம் | விண்டோஸ் வருமுன் வரும் பயோஸ் திரையிலேயே கோடு, புள்ளி தெரிந்தால் |

## ரோல் பேக்

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், கார்டின் பெயரில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக் டிரைவர். காரணம் கேட்கும், எதையாவது தெரிவுசெய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்தப் பட்டன் மங்கியிருந்தால் விண்டோஸிடம் பழைய பிரதி இல்லை. அப்போது தயாரிப்பாளரின் தளத்தில் பழைய பதிப்பைத் தேடி இறக்கவேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, விண்டோஸ் அப்டேட் சில நாளில் புதியதை மீண்டும் கொண்டுவந்து வைக்கும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஹார்ட்வெயர் டேப், டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ், அதில் 'நோ' கொடுத்துவிடுங்கள். மற்றது, திரும்புவது டிரைவர் மட்டுமே. அதனுடன் வந்த கட்டுப்பாட்டுச் செயலி புதிய பதிப்பிலேயே நிற்கும். ஏஎம்டி கார்டில் அட்ரெனலின் செயலி பதிப்பு ஒத்துவரவில்லை என்று சொல்லித் திறக்க மறுப்பது இதனால்தான். விண்டோஸ் அப்டேட் தன்பாட்டில் ஏஎம்டி டிரைவரை மாற்றினாலும் அதே செய்தி வரும்.

பழையதுக்குத் திரும்புவதைப் பின்வாங்கல் என்று நினைக்கத் தேவையில்லை. 2025 தொடக்கத்தில் என்விடியாவின் 572 வரிசை டிரைவர்கள் பலருக்குக் கறுத்த திரையைக் கொடுத்தபோது, 30, 40 வரிசைக் கார்ட் வைத்திருந்தவர்கள் 2024 டிசம்பரில் வந்த 566.36க்குத் திரும்பி நிம்மதியாக இருந்தார்கள். 50 வரிசைக் கார்டை அந்த டிரைவர் அறியாது என்பதால் அதை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. திருத்தங்கள் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. கார்ட் எவ்வளவு புதிதோ, பின்னுக்குப் போகும் இடம் அவ்வளவு குறைவு.

எடிட்டிங் வேலைக்காரர் என்விடியாவில் கேம் ரெடி டிரைவருக்குப் பதில் ஸ்டூடியோ டிரைவரைப் போட்டுக்கொள்வது நல்லது. அடிக்கடி மாறாது. சனிக்கிழமை கலியாண வீடு, வெள்ளிக்கிழமை இரவு டிரைவர் அப்டேட் என்ற நிலையைத் தவிர்ப்பதே அதன் பெரிய பயன்.

## க்ளீன் இன்ஸ்டால்

என்விடியா இன்ஸ்டோலரில் கஸ்டம் என்பதைத் தெரிவுசெய்தால் அடுத்த பக்கத்தில் 'பெர்ஃபோர்ம் எ க்ளீன் இன்ஸ்டலேஷன்' என்ற சிறு பெட்டி வரும். ஏஎம்டியில் ஃபெக்டரி ரீசெட் என்று இருக்கும். முழுச் செயலியும் வேண்டாமென்றால் ஏஎம்டியில் 'டிரைவர் ஒன்லி' தெரிவும் உண்டு. பெரும்பாலான சிறு குழப்பங்களுக்கு இது போதும். சேஃப் மோட் தேவையில்லை, நெட்டைக் கழற்றத் தேவையில்லை. டிடியுவுக்கு ஓடமுன் இதை ஒருமுறை செய்யாதவர்களே அதிகம்.

ஏராளமாக அமைப்புகள் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: ஃபேன் வேகம், நிற அமைப்பு, விளையாட்டுக்கு விளையாட்டு வைத்த தெரிவுகள் எல்லாம் தொடக்கத்துக்குப் போய்விடும்.

## டிடியு

டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டோலர் என்ற இந்த இலவசக் கருவி, சாதாரண அன்இன்ஸ்டால் விட்டுவைக்கும் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளையும் சேர்த்து எடுக்கும். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் கார்டைக் கழற்றி ஏஎம்டியின் ஆர்எக்ஸ் கார்டைப் பூட்டும்போது இதைவிட நல்ல வழி இல்லை. இன்ஸ்டால் நடுவில் கரண்ட் போய்ப் பாதி டிரைவருடன் கணினி எழும்பினாலும் இதுதான். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதை ஓட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை.

ஒழுங்கு முக்கியம்:

1. வேண்டிய டிரைவரை முதலில் முழுதாக இறக்கி வையுங்கள். என்விடியா, ஏஎம்டி இரண்டும் பொதுவாக 600 எம்பிக்கு மேல். பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அந்த நேரம் இறக்கலாம். டிடியுவை அதன் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே எடுங்கள். இதே பெயரில் உலவும் போலிகள் உண்டு.
2. லேன் வயரைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். துடைத்து முடித்து விண்டோஸ் எழும்பும் சில நிமிடத்துக்குள் அப்டேட் ஏதோ ஒரு பழைய டிரைவரைப் போட்டுவிடும். டிடியு வேலை செய்யவில்லை என்பவர்கள் பெரும்பாலும் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்.
3. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. மிகத் தேவையானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் கணினி எழும்பும்.
4. டிடியுவில் ஜிபியு, அடுத்து கம்பனிப் பெயர். அதே கார்டில் தொடர்வதாக இருந்தால் 'க்ளீன் அன்ட் ரீஸ்டார்ட்'. கார்டை மாற்றுவதாக இருந்தால் 'க்ளீன் அன்ட் ஷட்டவுன்'. அணைந்தபின் மெயின் பிளக்கைக் கழற்றிக் கார்டை மாற்றுங்கள்.
5. டிரைவரைப் போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அதன்பிறகுதான் நெட்.

மூன்றாவது படியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். வழமையாக நாலு இலக்கப் பின் நம்பரில் நுழைபவருக்கு, சேஃப் மோடில் அது ஏற்கப்படாமல் உண்மையான பாஸ்வேர்ட் கேட்கப்படலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட் நினைவில் இல்லையென்றால் அங்கேயே நிற்பீர்கள். விண்டோஸ் 11இல் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் பிட்லொக்கர் மீட்பு எண்ணையும் கேட்கக்கூடும். இரண்டையும் முதலே எழுதி வையுங்கள்.

துடைத்தபின் முதல் தடவை விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடும். விளையாட்டின் காட்சிக்காக முன்பே தயார்செய்து வைத்திருந்த ஷேடர் கேஷ் அழிந்து, திரும்பக் கட்டப்படும் நேரம் அது. பழுது இன்னும் போகவில்லை என்று எண்ணி மீண்டும் துடைக்கவேண்டாம். அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள்.

## விண்டோஸைப் புதிதாகப் போடுவது

நம் பக்கம் மிக அதிகமாகச் சொல்லப்படும் வழி இதுதான். பெரும்பாலான தடவை மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான் நடக்கிறது. கடைக்கு இது வசதி: பென் டிரைவைச் செருகிவிட்டு மற்ற வேலை பார்க்கலாம், வாடிக்கையாளர் திரும்பி வரும்போது கணினி வேகமாகத் தெரியும். ஆனால் பழுது பவர் சப்ளையில் என்றால், வெறும் விண்டோஸில் கார்டுக்கு வேலை இல்லாததால் கடையில் ஒன்றும் தெரியாது. வீட்டில் விளையாட்டைத் திரும்ப ஏற்றியதும் பழையபடி கறுக்கும்.

கடைக்குக் கொடுக்கும் கூலி இதில் சின்னத் தொகைதான். கேள்வித்தாளும் நோட்டீசும் அடிக்கும் வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவும் அதற்கான விசைப்பலகை அமைப்பும் போய்விடும். பழைய ஆவணங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பிரின்டர் டிரைவரைத் திரும்பத் தேடவேண்டும். எடிட்டிங் கணினியில் பிளகின்கள், டிரான்சிஷன் பக்குகள், கோப்புப் பாதை மாறிய ப்ரொஜெக்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு நாள் வேலை. டெஸ்க்டொப்பில் வைத்த படங்களை யாரும் பிரதி எடுக்காமல் ஃபோர்மட் செய்துவிட்டால் அதற்கு விலையே இல்லை.

அப்படியிருந்தும் இது சரியான தெரிவாகும் இடங்கள் உண்டு. பழைய கணினியின் டிஸ்கை அப்படியே புதிய மதர்போர்டில் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தால் பழைய சிப்செட் டிரைவர்கள் உள்ளே கிடந்து குழப்பும். பாகங்கள் வெட்டி எடுக்கப்பட்டு, அப்டேட் நிறுத்தப்பட்ட 'லைட்' விண்டோஸ் போடப்பட்டிருந்தால், இன்றைய டிரைவர் இந்த விண்டோஸ் பதிப்புக்கு ஒத்துவராது என்று சொல்லி இன்ஸ்டோலரே நின்றுவிடும். அங்கே எத்தனை தடவை துடைத்தாலும் பயன் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள். எப்படியும் போடப்போகிறீர்கள் என்றால் கணினி தாங்குமானால் 11ஐப் போடுவதே மேல்.

இடையில் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸின் இன்ஸ்டால் கோப்பான ஐஎஸ்ஓவை இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே அதைத் திறந்து செட்டப்பை ஓட்டி, 'கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்' என்பதைத் தெரிவுசெய்தால் விண்டோஸின் கோப்புகள் மட்டும் புதிதாகும். பாமினியும் பிரின்டரும் இருந்த இடத்தில் இருக்கும். டேட்டா 6 ஜிபி அளவு போகும். முழு ஃபோர்மட்டுக்கு முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

## டிரைவரைத் தொடாமல்: மின்சாரம், சூடு, தொடுமுனை

ஒன்றும் மாறாமல் பழுது வந்தவர்கள் நேராக இங்கே வரவேண்டும். தொடக்கச் சோதனை ஒன்று போதும். கார்டின் வேகத்தையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் செயலியில் பவர் லிமிட்டை 70 வீதத்துக்கு இறக்கி, வழக்கமாகக் கறுக்கும் விளையாட்டை அல்லது எக்ஸ்போர்ட்டை ஓட்டுங்கள். கறுப்பது நின்றால் பழுது பெரும்பாலும் மின்சாரத்தில் அல்லது சூட்டில். குறைந்த மின்சாரத்திலும் அதே இடத்தில் அதேபோல் விழுந்தால் டிரைவரையும் ரேமையும் சந்தேகிக்கலாம். ரேமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டிருந்தால் அதையும் ஒருநாள் அணைத்துப் பாருங்கள். வேகம் தாங்காத ரேம் டிரைவர் பழுதுபோலவே நடிக்கும்.

பவர் சப்ளை. கேசிங்குடன் இலவசமாக வரும் '500 வாட்' பெட்டியின் பக்கவாட்டு லேபலைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட் என்ற நிரலில் 18 அம்பியர் என்றிருந்தால், 12ஐ 18ஆல் பெருக்க வருவது 216 வாட். கார்டும் புரொசெசரும் எடுப்பது அந்த நிரலிலிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட், ஆர்எக்ஸ் 580 185 வாட். மிஞ்சியதில் புரொசெசர் ஓடமுடியாது. 75 வாட்டில், தனி வயர் இல்லாமலே ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 வகைகள் அதே பெட்டியில் பிரச்சினை தராமல் இருந்ததும், கார்டை மேம்படுத்திய பிறகு 'டிரைவர் பழுது' தொடங்கியதும் இதனால்தான். கார்டில் இரண்டு செருகிகள் இருந்தால் ஒரே வயரின் இரண்டு தலைகளைச் செருகாமல் இரண்டு தனி வயர் கொடுங்கள். மோலெக்ஸிலிருந்து மாற்றும் சிறு அடாப்டரை வீசிவிடுங்கள்.

பிளக்கும் யூபிஎஸ்ஸும். பழைய வீடுகளில் உருண்டை முள் 5 அம்பியர் பிளக்கில் மல்டிபிளக் போட்டு, அதில் கணினி, மொனிட்டர், ரவுட்டர், மேசை ஃபேன் எல்லாம் ஓடும். எர்த் இல்லாவிட்டால் கேசிங்கைத் தொடும்போது மெல்லிய கூச்சம் தெரியும். எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது பொறி பறக்கும். இது திரையை விட்டுவிட்டு அணைக்கும், கார்டின் போர்ட்டையும் எரிக்கும். வயரிங் தெரிந்தவரைக் கொண்டு எர்த்தைச் சரிபார்ப்பது எந்த டிரைவரையும்விட முந்தியது. 650 விஏ யூபிஎஸ் என்றால் அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட்டை ஒட்டித்தான். விளையாட்டு உச்சத்தில் ஓடும்போது கரண்ட் போனால், பேட்டரி நல்லதாக இருந்தாலும் சுமை தாங்காமல் யூபிஎஸ் விட்டுவிடும். ஒருநாள் யூபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர்ப் பிளக்கில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மாரியில், இடியும் மின்னலும் உள்ள நாளில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

சூடு. கச்சான் வீசும் மாதங்களில் மத்தியானம் விழுந்து, இரவு பத்து மணிக்குப் பிறகு ஒழுங்காக ஓடும் கணினிக்கு டிரைவர் மாற்றுவது வீண். ஜிபியு-இசட் அல்லது எச்டபிள்யு-இன்ஃபோவில் சாதாரண வெப்பநிலையுடன் சிப்பின் மிகச் சூடான இடமான ஹொட்ஸ்பொட்டையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் 30 டிகிரி அளவு இடைவெளி விழுந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வயலோர வீடுகளில் அறுவடைக் காலத்தில் நெல் சுணையும் தூசியும் ஹீட்சிங்கின் தகடுகளுக்குள் கம்பளம்போல் படியும். ஊதி எடுக்கும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

தொடுமுனை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கரையோரமான கல்முனை, திருக்கோவில் போன்ற இடங்களில் உப்புக் காற்று கார்டின் பொன்னிற முனைகளில் மங்கலான படலம் ஏற்றும். முற்றினால் பச்சைப் புள்ளிகள் தெரியும். கார்ட் சில வேளை கண்டுபிடிக்கப்படும், சில வேளை இல்லை. கேசிங்கைத் தட்டினால் படம் வரும். மெயினைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, ஸ்லொட்டின் கொளுக்கியை விடுவித்துக் கார்டை எடுங்கள். ஐசோப்ரொபைல் அல்கஹோல் தொட்ட துணியால் முனையை நீளவாக்கில் துடைத்து, காய்ந்தபின் செருகுங்கள். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால் பொன்பூச்சு போய், அதன்பிறகு துரு நிரந்தரமாகும்.

## பழைய கார்ட் வாங்கியவர்களுக்கு

இந்த வகைக்கு மேலே சொன்ன ஒழுங்கு முழுதாகப் பொருந்தாது. கிரிப்டோ நாணயச் சுரங்க (மைனிங்) வேலையில் ஓடிய ஆர்எக்ஸ் 470, 570, 580 கார்டுகள் பலவற்றில் கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் பயோஸ் மாற்றப்பட்டிருக்கும். ஏஎம்டி டிரைவர் பயோஸின் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஒத்துவராவிட்டால் ஏற மறுக்கும். டிடியு பத்துத் தடவை ஓட்டினாலும், விண்டோஸை மாற்றினாலும் அதே மஞ்சள் முக்கோணம்தான். தீர்வு அந்தக் கார்டின் மூல பயோஸைத் திரும்ப எழுதுவது. மெமரி சிப்பின் கம்பனியும் ஒத்துப்போகவேண்டும் என்பதால் தெரியாதவர் கைவைக்கக்கூடாது. எழுதமுன் இருப்பதை ஜிபியு-இசட்டில் சேமித்துக்கொள்ளவேண்டும். சஃபையர் நைட்ரோ பிளஸ் போன்ற சில கார்டுகளில் விளிம்பில் சிறு சுவிட்ச் இருக்கும். கணினியை அணைத்து அதை மறுபக்கம் தள்ளினால் இரண்டாவது பயோஸ் வரும். வேலை ஒரு நிமிடத்தில் முடியலாம்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கப்பட்டு, உள்ளே பழைய ஜிடிஎஸ் 450 போன்ற சிப் இருக்கும் போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் இவற்றைக் கண்டால் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டும். அங்கே தேடவேண்டியது டிரைவரை அல்ல, விற்றவரை.

போலியில்லாத 1050 டிஐ, 1060, 970 வைத்திருப்போரும் ஒன்றைத் தெரிந்திருக்கவேண்டும். மெக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர் வரிசை என்றும், 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும் என்றும் என்விடியா அறிவித்திருக்கிறது. அந்தக் கார்டுக்குப் 'புதிய டிரைவர்' தேடி அலைவதில் பயன் இல்லை. ஒழுங்காக ஓடும் 580 வரிசைப் பதிப்பு ஒன்றைப் போட்டு, அதன் இன்ஸ்டோலரைப் பென் டிரைவில் சேமித்துவைத்து விட்டுவிடுங்கள்.

## கடை, வொறண்டி

கணினி எழும்பும்போதே, விண்டோஸ் வருமுன் பயோஸ் திரையில் கோடும் புள்ளியும் தெரிந்தால் வீட்டில் செய்ய மிஞ்சியது அதிகமில்லை. கார்ட் பழுது, அல்லது மொனிட்டர் வயர் பழுது. வேறு வயரும் வேறு மொனிட்டரும் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் பயோஸில் சுத்தமாகத் தெரிந்தது என்பதற்காகக் கார்ட் நல்லது என்று முடிவுகட்டவும் வேண்டாம். டிரைவர் ஏறும்வரை கார்டின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். விண்டோஸுக்குப் பதிலான உபுண்டு லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓட்டி அங்கேயும் கலங்கினால், விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது உறுதி.

புரொசெசரின் பெயர் எஃப் என்று முடியாத இன்டெல் என்றால், அல்லது 5600ஜி போன்ற ரைசன் என்றால், கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்ட்டின் போர்ட்டில் மொனிட்டரைச் செருகி இரண்டு நாள் ஓட்டலாம். 12400எஃப், ரைசன் 5600 போன்றவற்றில் அது முடியாது. தெரிந்தவரிடம் ஏதாவது ஒரு பழைய கார்டை இரவல் வாங்கவேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் புதிய கார்ட் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு.

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பம்பலப்பிட்டியில் வாங்கிய கார்டை அங்கேயே திருப்பிக் கொடுக்கவேண்டுமென்றால், உள்ளூர்க் கடையில் திறக்கவிடுவதற்கு முன் வொறண்டி ஸ்டிக்கர் எந்தத் திருகாணியில் இருக்கிறது என்று பாருங்கள். பேஸ்ட் மாற்றுவதற்காக அதைக் கிழித்தால் பலரும் வொறண்டியை ஏற்கமாட்டார்கள். சீரியல் இலக்கத்தையும் பில்லையும் படமெடுங்கள். பழுது நடக்கும் காட்சியைக் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். ஈவன்ட் வியூவரின் அந்த வரியும் தெரியட்டும். கடையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து "இங்க ஒண்டும் இல்லையே" என்று திருப்பி அனுப்பும்போது உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

முழுப் பெட்டியையும் பஸ்ஸிலோ வான் வண்டியிலோ கொண்டுபோவதென்றால் கார்டை உள்ளே பூட்டியபடி விடாதீர்கள். ஒரு கிலோ எடையுள்ள கார்ட் ஒவ்வொரு குழியிலும் ஸ்லொட்டை இழுக்கும். கார்டோடு போன பழுது மதர்போர்டோடு திரும்பி வரும். கழற்றி, நிலைமின் தடுப்புப் பையில் போட்டு, வந்த பெட்டியிலேயே வைத்து மடியில் கொண்டுபோங்கள். கூரியரில் அனுப்பினால் போர்ட்டுகளுக்கு மூடி போட்டு, ஃபேன் பக்கம் மேலே பார்க்க வைத்து, நாலு பக்கமும் ஸ்பொன்ஜ் அடைத்து, மழைக்காலத்தில் வெளிப்பெட்டியை ஒரு பொலித்தீனாலும் சுற்றுங்கள்.